கவசத்துல வர்ற அந்த ஒரு சொல்

 

வழக்கமா தைப்பூசம் முடிஞ்ச வாரம் காவடி, பாதயாத்திரை பத்தி எழுதுவேன். இந்த வருஷம் எங்க வீட்டுல யாரும் மலை ஏறல. சிவகிரில குன்று மேல பாலசுப்பிரமணியர் இருக்கார், கீழ எங்க தெருவுல நின்னாலே மலை தெரியும். அம்மா வாசல்ல நின்னு அங்க பார்த்து கும்பிட்டுட்டு உள்ள போயிட்டாங்க. ரத்தத்துல வெள்ளை அணுக்கள் குறைஞ்சிருக்கு, கூட்டத்துக்குப் போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். இதை எழுதலாமான்னு அம்மாகிட்ட கேட்டேன். ரெண்டு நாள் பதில் வரல. மூணாவது நாள், "எழுதுய்யா. எம்பேரு மட்டும் போடாத"ன்னாங்க. அதனாலதான் இது.

முதல்ல கவசத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். கந்த சஷ்டி கவசம் தெரியாதவங்க இதைப் படிக்கிறவங்கள்ல இருக்க மாட்டீங்க. தேவராய சுவாமிகள் தீராத வயித்துவலியோட திருச்செந்தூருக்கு வந்தப்போ பாடினதுன்னு பெரியவங்க சொல்வாங்க. அது நோயாளி ஒருத்தர் பாடின பாட்டு. அதனாலதானோ என்னவோ, உடம்பைப் பத்தி அதுக்கு ஒளிவுமறைவே கிடையாது. முகத்துல தொடங்கி நெத்தி, கண், காது, மூக்கு, பல், நாக்குன்னு ஒவ்வொரு உறுப்பா பேர் சொல்லி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலைக் காவலுக்கு நிறுத்திக்கிட்டே போகும். மார்பு தனியா வரும். அதை அடுத்து முலைன்னு வெளிப்படையாவே வரும். இன்னும் கீழ போனா குதம்கூட உண்டு. எதையும் சுத்தி வளைச்சுச் சொல்லலை.

சின்ன வயசுல இருந்து சூலமங்கலம் சகோதரிகள் குரல்ல எங்க வீட்டுல தினமும் இது ஓடும். நானும் கூடவே சொல்லிக்கிட்டு ஸ்கூலுக்குக் கிளம்புவேன். ஆனா அதே வீட்டுல, அதே உறுப்புல ஒரு கட்டி இருக்குன்னு சொல்ல அம்மாவுக்கு மூணு மாசம் வாய் வரல.

நடந்தது இதுதான். ஆடில குளிக்கும்போது இடது பக்கம் கைல ஏதோ தட்டுப்பட்டிருக்கு. புளியங்கொட்டை அளவு. வலி இல்ல. வலி இல்லாததால பயமில்லைன்னு நினைச்சிருக்காங்க. அந்த வாரம்தான் சங்கரன்கோவில்ல ஆடித்தபசு. கோமதி அம்மனைப் பார்த்துட்டு புற்று மண் வாங்கிட்டு வந்தாங்க. நம்ம பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும், உடம்புல என்னன்னாலும் முதல் மருந்து அந்த மண்தான். நெத்தில இட்டுக்குவோம், தண்ணில கரைச்சுப் பூசுவோம். அம்மா தினமும் ராத்திரி யாருக்கும் தெரியாம அதைக் குழைச்சு கட்டி மேல பூசியிருக்காங்க. நோயோட பேருலயும் புற்று, மருந்துன்னு பூசினதும் புற்று மண். பின்னாடி இதை நினைச்சு நினைச்சு எனக்குத் தூக்கமே வரல.

மண் பூசினதைத் தப்புன்னு நான் சொல்லலை. அது அம்மன் பிரசாதம். இன்னைக்கும் அம்மா நெத்தில இருக்கு. பூசிட்டு யார்கிட்டயும் சொல்லாம இருந்ததுதான் எனக்கு ஆறல.

ஐப்பசில சஷ்டி விரதம். ஆறு நாளும் பாலும் பழமும்தான். நான் லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தேன். சூரசம்ஹாரத்தன்னைக்கு அத்தை வந்தாங்க, அப்பாவோட அக்கா. பரண்ல இருந்து பாத்திரம் எடுக்கும்போது அம்மா இடது கையைத் தூக்காம ஒதுங்கினதைப் பார்த்திருக்காங்க. "என்னட்டி கை?"ன்னு கேட்டிருக்காங்க. "ஒண்ணுமில்ல மதினி"ன்னு அம்மா. அத்தை விடல. அடுக்களைக் கதவைச் சாத்திட்டு ஜாக்கெட்டை அவுத்துப் பார்த்துட்டாங்க. வெளிய வந்து என்னைத் தெருவுக்குக் கூட்டிட்டுப் போய், "ஏல, உங்கம்மைக்கு மாருல கட்டி இருக்கு. தோலு உள்ள இழுத்துக்கிட்டு இருக்கு. நாளைக்கே கூட்டிட்டுப் போ"ன்னாங்க.

எனக்கு இருபத்தெட்டு வயசு. இன்ஜினியரிங் படிச்சவன், நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து அடுத்தவன் எழுதின கோடுல தப்பு கண்டுபிடிக்கிறவன். "அம்மா, உனக்கு என்ன பண்ணுது?"ன்னு நேரா கேக்க அன்னைக்கு எனக்கும் வாய் வரல. டாக்டர்கிட்ட போற வரைக்கும் "அந்தப் பிரச்சினை"ன்னே சொல்லிக்கிட்டு இருந்தேன்.

நெல்லைல ஒரு ஆஸ்பத்திரில மேமோகிராம் எடுத்து, ஊசி போட்டு சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினாங்க. ஊசி குத்தினா நோய் பரவிடும்னு பக்கத்து வீட்டுல ஒருத்தர் பயமுறுத்தினார். அப்படிக் கிடையாதுங்க. அந்தச் சதையைப் பார்த்தாதான் அது எந்த வகை, எந்த மருந்துக்குக் கட்டுப்படும்னு தெரியும். மார்பகப் புற்றுநோய்ல பல வகை இருக்கு. ஹார்மோன் தூண்டி வளர்றது ஒண்ணு, ஹெர்-2ன்னு ஒரு புரதம் அதிகமாகி வளர்றது ஒண்ணு, இது ரெண்டுமே இல்லாதது ஒண்ணு. வகைக்கு வகை வைத்தியம் மாறும். அதனால பக்கத்து தெரு அக்காவுக்குக் கொடுத்த மருந்தும் நம்ம அம்மாவுக்குக் கொடுக்கிற மருந்தும் ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்ல.

ரிசல்ட் வந்த அன்னைக்கு ராத்திரி வீட்டுல யாரும் சாப்பிடல. நான் போனை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போய் விடிய விடிய தேடினேன். எத்தனை வருஷம், எத்தனை சதவீதம், இதேதான். காலையில கீழ வந்தா அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சா உங்கப்பாவுக்கு யாருய்யா சமைப்பா?"

அப்பா கேட்டது வேற. "வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம். பாப்பாவுக்கு வரன் பார்த்துக்கிட்டு இருக்கோம்."

அப்பாவைக் குத்தம் சொல்லத் தோணல. அவரைச் சுத்தி இருக்கிற பத்துப் பேர்ல எட்டுப் பேர் அதைத்தான் சொல்லியிருப்பாங்க. அம்மாவுக்கு வந்தா பொண்ணுக்கும் வரும்னு ஒரு பேச்சு, போன ஜென்மத்துப் பாவம்னு இன்னொரு பேச்சு. முதல் பேச்சுக்கு டாக்டரே பதில் சொன்னார். பரம்பரை மரபணுக் கோளாறால வர்றது நூத்துல அஞ்சுல இருந்து பத்து வரைக்கும்தான். அம்மாவுக்கு இருந்தா பொண்ணு கொஞ்சம் கூடுதல் கவனமா இருக்கணும், காலாகாலத்துல பரிசோதனை பண்ணிக்கணும். கட்டாயம் வந்தே தீரும்னு ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது பேச்சுக்கு டாக்டர் பதில் சொல்ல மாட்டார், நாமதான் சொல்லணும். தேவர்களைச் சிறையில அடைச்ச சூரபத்மனையே முருகன் என்ன பண்ணார்? மயிலாவும் சேவலாவும் மாத்தித் தன்கூடவே வெச்சுக்கிட்டார். ஒண்ணை வாகனமா, இன்னொண்ணைக் கொடியா. எதிரிக்கே அவ்வளவு கருணை காட்டின சாமி, ஆறு நாள் பால் மட்டும் குடிச்சு விரதம் இருந்த எங்கம்மாவுக்கு எந்தக் கணக்குல தண்டனை கொடுப்பார்? பாவம்னு சொல்றவங்க முருகனைச் சரியாப் புரிஞ்சுக்கலைன்னுதான் எனக்குத் தோணுது. உலகத்துல 2022-ல மட்டும் சுமார் 23 லட்சம் பேருக்கு இந்த நோய் புதுசா வந்திருக்கு. நம்ம நாட்டுல சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பேர். இத்தனை பேரும் பாவிகளா?

இங்க ஒரு சரித்திரத்தைச் சொல்லணும். 1923-ல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோட தங்கச்சி புற்றுநோய்ல இறந்தாங்க. அது மலக்குடல்ல வந்த புற்றுநோய். கவசம் கூசாமப் பேர் சொல்ற உறுப்புதான் அதுவும். அக்கா டாக்டர், பக்கத்துலயே இருந்தாங்க, ஆனாலும் அன்னைக்கு இருந்த வைத்தியத்தால காப்பாத்த முடியல. நம்மள்ல பலர் அந்த வேதனையை உள்ளயே பூட்டி வெச்சிருப்போம். அவங்க முப்பது வருஷம் அதைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தாங்க. கூட்டத்துல பேசினாங்க, அரசாங்கத்துகிட்ட கேட்டாங்க, வீடு வீடா நிதி கேட்டாங்க. அப்படி 1954-ல வந்ததுதான் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. பன்னிரண்டு படுக்கைகளோட ஆரம்பிச்சது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதுல உழைச்சார். அடுத்த வருஷம் டாக்டர் சாந்தா சேர்ந்தாங்க. 2021-ல காலமாகிற வரைக்கும் அந்த வளாகத்துலயே வாழ்ந்து, பயப்படாதீங்க, சீக்கிரம் வாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. இன்னைக்கு நம்ம ஊர்ல இருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி அங்க போறவங்க எத்தனையோ பேர். ஒரு அக்கா வாயைத் திறந்ததுல வந்தது அது.

வாயைத் திறக்கிறதுன்னதும் குமரகுருபரர் ஞாபகம் வருது. ஸ்ரீவைகுண்டத்துல பிறந்து அஞ்சு வயசு வரைக்கும் பேச்சு வராத பிள்ளை. அப்பா அம்மா திருச்செந்தூர் சன்னதில கொண்டுவந்து போட்டுட்டு அழுதாங்க. முருகன் கொடுத்த வரம் பேச்சு. அந்தப் பிள்ளை பாடினதுதான் கந்தர் கலிவெண்பா. நான் இந்தக் கதையை ஊமைப் பிள்ளைக்கு நடந்த அற்புதமா மட்டும்தான் கேட்டிருந்தேன். இப்போ எங்க வீட்டுல எல்லாருக்குமே அந்த வரம்தான் வேணும்னு புரிஞ்சது.

முதல்ல வாய் திறந்தது அத்தைதான். அப்பா வேண்டாம்னு சொல்லியும் கேக்காம சொந்தத்துல நாலு வீட்டுக்குத் தானே போய்ச் சொல்லிட்டாங்க. அப்பா ஒரு வாரம் அத்தைகிட்ட பேசல. ஆனா அந்த வாரத்துலயே என்ன நடந்ததுன்னா, பெரியம்மா வீட்டுல இருந்து மதியச் சோறு வர ஆரம்பிச்சது. ஆஸ்பத்திரிக்குப் போற நாள்ல மாட்டைப் பார்த்துக்க சித்தப்பா மகன் வந்தான். எங்க தெருவுலயே ஒரு பெரியம்மா, எனக்குப் பொறந்ததுல இருந்து தெரிஞ்சவங்க, வந்து அம்மா பக்கத்துல உட்கார்ந்து, "எனக்கும் பன்னெண்டு வருஷம் முன்னாடி எடுத்தாச்சுட்டி"ன்னாங்க. பன்னெண்டு வருஷமா அடுத்த வீட்டுக்குத் தெரியாம இருந்திருக்காங்க! அன்னைக்குத்தான் அம்மா முதல் முறையா அழுதாங்க, சிரிச்சாங்க, ரெண்டும்.

இடும்பன் கதை உங்களுக்குத் தெரியும். அகத்தியர் சொல்லி ரெண்டு மலையைக் காவடியாக் கட்டித் தூக்கிட்டு வந்தான். அந்த மலைகளோட பேர் சிவகிரி, சக்திகிரி. பேர்தான் ஒண்ணு, அது பழனி மலை, நம்ம ஊர் இல்ல. ஆனாலும் நம்ம ஊர்ப் பேரைக் காவடியில ஒரு பக்கமாக் கேக்கும்போது ஒரு சந்தோஷம். இப்போ யோசிச்சா, அவ்வளவு பெரிய மலையை அவன் தூக்க முடிஞ்சதே பாரம் ரெண்டாப் பிரிஞ்சு தோள்ல சமமா நின்னதாலதான். வழியில இறக்கி வெச்சு, திரும்பத் தூக்க முடியாம, முருகன் முன்னாடி விழுந்து உயிர் போனப்போ, அவனுக்காக வேண்டிக்கிட்டது அவன் மனைவி இடும்பி. அவ வேண்டித்தான் அவன் எழுந்தான். நம்ம இடும்பன் பூஜையில அவ பேரை நாம அதிகம் சொல்றதில்ல.

அம்மாவுக்கு முதல்ல கீமோ கொடுத்து கட்டியைச் சுருக்கிட்டு, அப்புறம் ஆபரேஷன்னு முடிவாச்சு. மார்பு முழுசா எடுக்கணும்னு எல்லாருக்கும் கட்டாயமில்ல. கட்டியை மட்டும் எடுத்துட்டு கதிர்வீச்சு கொடுத்தாலும் ஆயுசு ஒண்ணுதான், யாருக்கு அது பொருந்தும்னு டாக்டர் முடிவு பண்ணுவார். இது தெரியாம, எடுத்துடுவாங்கன்னு பயந்தே ஆஸ்பத்திரிக்குப் போகாதவங்க நிறைய பேர்.

முதல் கீமோ அன்னைக்கு அம்மாவுக்கு ஏத்தினது சிவப்பு கலர் மருந்து. ராத்திரி சிறுநீர் செக்கச்செவேல்னு போயிருக்கு. ரத்தம்னு நினைச்சு அம்மா நடுங்கிட்டாங்க. பக்கத்து கட்டில்ல கடையநல்லூர் அம்மா ஒருத்தங்க, "பயப்படாதீங்க அக்கா, மருந்தோட கலர்தான், நாளைக்குச் சரியாயிடும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு"ன்னாங்க. நர்ஸும் அதையே சொன்னாங்க, ஆனா அம்மா நம்பினது கடையநல்லூர் அம்மாவைத்தான். மருந்து ஏறும்போது வாயில ஐஸ் துண்டு வெச்சுக்கச் சொன்னதும் அவங்கதான், வாய்ப்புண் குறையுமாம். அவங்க தலையில துப்பட்டா, இவங்க நெத்தில புற்று மண். இப்போ ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஊசிக்குத் தேதி கேட்டு வாங்குறாங்க.

இப்படி நோயைத் தாண்டி வந்தவங்க புது நோயாளிகளைத் தேடிப் போய்ப் பேசுறதை அமெரிக்காவுல 1952-லயே ஒரு இயக்கமா தொடங்கினாங்க. டெரஸ் லாசர்னு ஒரு அம்மா, தனக்கு ஆபரேஷன் ஆன பிறகு ஆரம்பிச்சது. பிறகு பல நாடுகளுக்குப் போச்சு. நம்ம தெருப் பெரியம்மா அதைக் கேள்விப்பட்டதுகூட இல்ல, ஆனா பண்ணது அதேதான்.

மூணாவது வாரம் முடி கொத்துக் கொத்தா வர ஆரம்பிச்சது. கடையநல்லூர் அம்மா முன்னாடியே சொல்லியிருந்ததால அம்மா தயாரா இருந்தாங்க. வீட்டுக்கே ஆளை வரவழைச்சு, கத்தி வேண்டாம், கீறினா புண்ணாகும்னு, மெஷின்ல எடுத்தோம். "திருச்செந்தூருக்கு மொட்டை பாக்கி இருந்துச்சுல்ல, இதை அதுல கழிச்சுக்கச் சொல்லு அவன்கிட்ட"ன்னாங்க. முருகன் கணக்குல இதெல்லாம் செல்லுமான்னு எனக்குத் தெரியல. செல்லும்னு நினைச்சுக்கிட்டேன்.

இன்னொண்ணு ஒத்துக்கணும். முள்சீத்தா இலைக் கஷாயம் குடிச்சா புற்றுநோய் மறையும்னு ஒரு மெசேஜ் சுத்திச்சே, போன வருஷம் நானும் அதை நம்ம குரூப்புல போட்டிருக்கேன். அது மனுஷங்களுக்குக் குணமாக்கும்னு நிரூபணம் எதுவும் கிடையாது. கீமோ நேரத்துல டாக்டரைக் கேக்காம எந்தக் கஷாயமும் குடிக்கக்கூடாது. அதை நம்பி யாராவது ஒரு மாசம் தள்ளிப் போட்டிருந்தா அந்தப் பாரம் எனக்கும்தான். போட்டவன் நான், மன்னிச்சுடுங்க.

வீட்டுல யாருக்காவது கீமோ நடந்தா இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டா, நடுராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். விடியட்டும்னு மாத்திரை போட்டுக்கிட்டு இருக்கக்கூடாது. எங்களுக்கு ரெண்டாவது ஊசிக்கு அப்புறம் ஒரு தடவை ஆச்சு. சித்தப்பா மகன்தான் கார் ஓட்டினான்.

பணம் இல்லைன்னு யாரும் வீட்டுல உட்கார வேண்டாம். வருஷ வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும், புற்றுநோய் வைத்தியமும் அதுல வரும். வி.ஏ.ஓ. கிட்ட வருமானச் சான்று வாங்கிட்டு கலெக்டர் ஆபீஸ் போகணும். வைத்தியத்துக்குப் போற புற்றுநோயாளிக்கும் கூடப் போறவருக்கும் ரயில் கட்டணத்துல சலுகை உண்டு, ஆஸ்பத்திரில அதுக்கு ஃபாரம் கொடுப்பாங்க. முப்பது வயசு தாண்டின பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே மார்பகப் பரிசோதனை இலவசமாப் பண்றாங்க. கட்டி எல்லாமே புற்றுநோய் இல்ல, பெரும்பாலும் சாதாரணக் கட்டியாத்தான் இருக்கும். அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். வலி இல்லைங்கிறதை வெச்சு நாமளே முடிவு பண்ணிடக் கூடாது.

பசங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்க ஆம்பளைப் பிள்ளைங்கிறதால அம்மா உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க. நீங்கதான் கேக்கணும். எப்படிக் கேக்கிறதுன்னு கூச்சமா இருந்தா, கவசம் சொல்லி முடிச்ச கையோட கேளுங்க. சாமிகிட்ட இப்போதான் அந்த உறுப்பைப் பேர் சொல்லிக் காப்பாத்தச் சொல்லியிருப்பீங்க.

தங்கச்சி விஷயம் சொல்லாம விட்டா நீங்க கேப்பீங்க. முன்னாடி பேசிக்கிட்டு இருந்த வரன் வீட்டுல விஷயம் தெரிஞ்சதும் அப்புறம் போன் வரல. அப்பா ரெண்டு நாள் அத்தையைத்தான் திட்டிக்கிட்டு இருந்தார். இப்போ ராஜபாளையம் பக்கம் இன்னொரு இடம் வந்திருக்கு. முதல் நாளே அப்பாவே போன்ல, "எங்க வீட்ல அவளுக்கு மார்பகப் புற்றுநோய், வைத்தியம் நடக்குது"ன்னு சொன்னார். பக்கத்து ரூம்ல இருந்து நான் கேட்டேன். அந்தச் சொல்லை அப்பா வாயில கேட்டது அதுதான் முதல் தடவை. அவங்க பதில் இன்னும் வரல.

நாளைக்கு நாலாவது ஊசி. சிவப்பு மருந்துல இது கடைசி, அடுத்து வேற மருந்து. விடியக்காலை அஞ்சு மணிக்குக் கிளம்பணும். அத்தை இன்னைக்கே வந்து படுத்துட்டாங்க, தயிர்சாதமும் நார்த்தங்காயும் அவங்க பொறுப்பு. கடையநல்லூர் அம்மாவுக்கும் சேர்த்துக் கட்டச் சொல்லியிருக்காங்க அம்மா. நாளைக்குக் காலையில கவசம் சொல்லும்போது உங்க வேண்டுதல்ல இவங்க ரெண்டு பேரையும் சேர்த்துக்குங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!